லைட் அடித்துச் சைகை காட்டுவது எப்படி? புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

கார் பயிற்சியில் கிளட்ச், கியர், 'எச்' போடுவது எல்லாம் சொல்லித்தருவார்கள். ஹெட்லைட் சுவிட்சையும் காட்டிவிடுவார்கள். அந்த லைட்டை வைத்து எதிரே வருபவருக்கும் முன்னால் போகிறவருக்கும் எப்படிச் சைகை காட்டுவது என்பதைப் பெரும்பாலானவர்கள் சாலையில்தான் கற்கிறார்கள். அதுவும் நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில், இரவில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே. அங்கே போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியதை, தமிழ்நாட்டுச் சாலைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒருவர் லைட் அடித்தால் பெரும்பாலும் "நான் வருகிறேன், பார்த்துக்கொள்" என்றுதான் பொருள். "நீ போ" என்று எடுத்துக்கொண்டு வண்டியை நகர்த்தினால் நேருக்கு நேர் மோத வேண்டியதுதான். அதேபோல, நாம் லைட் அடித்துவிட்டோம் என்பதால் வழி நமக்குச் சொந்தமாகிவிடாது. அவர் வேகத்தைக் குறைத்ததையோ ஒதுங்கியதையோ கண்ணால் பார்த்த பிறகே அடுத்த அசைவு.

படி 1: வண்டியை நிறுத்தி வைத்து லீவரைப் பழகுங்கள்

மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் லைட் லீவர் ஸ்டீயரிங்கின் வலது பக்கம் இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் இடது பக்கம். லீவரை உங்களை நோக்கி இழுத்துப் பிடித்தால் ஹைபீம் (தூரத்துக்கு அடிக்கும் உயரமான ஒளி) எரியும், விட்டதும் அணைந்துவிடும். ஹெட்லைட் போடாமல் இருந்தாலும் இது வேலை செய்யும். சைகைக்கு இதுதான். பெரும்பாலான வண்டிகளில் லீவரை முன்பக்கம் தள்ளினால் ஹைபீம் நிலையாக நின்றுவிடும், அப்போது மீட்டரில் நீல விளக்கு எரியும். சில வண்டிகளில் இந்த முறை மாறும், கையேட்டை ஒருமுறை பாருங்கள். லீவரைக் கண்ணால் தேடாமல் விரல் தானாகப் போகும்வரை, வீட்டு வாசலிலேயே சுவரில் ஒளி விழுவதைப் பார்த்துப் பழகுங்கள்.

இன்னொரு விஷயம், பலரும் தொட்டுக்கூடப் பார்க்காதது. நிறைய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓரமாக, 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு சக்கரம் இருக்கும். ஹெட்லைட்டின் உயரத்தை மாற்றுவதற்கானது அது. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய சாமான் என்றால் வண்டியின் பின்பக்கம் இறங்கி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது லோபீமே (சாலையை நோக்கித் தாழ்வாக விழும் சாதாரண ஒளி) எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பாரம் கூடக்கூட எண்ணைக் கூட்டினால் ஒளி கீழே இறங்கும். லோபீமில்தான் போகிறீர்கள், ஆனாலும் வருகிறவர் எல்லாம் உங்களைப் பார்த்து லைட் அடிக்கிறார்கள் என்றால், முதலில் நீல விளக்கைப் பாருங்கள், அடுத்து இந்தச் சக்கரத்தை.

படி 2: எதிரே வண்டி வரும்போது

ஆளில்லாத இருட்டுச் சாலையில் ஹைபீம் போட்டு ஓட்டுவதில் தவறில்லை. எதிரே வெளிச்சம் தெரிந்ததும் டிம் செய்துவிடுங்கள், அதாவது லோபீமுக்கு இறக்கிவிடுங்கள். இரண்டு வண்டிகளும் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், நொடிக்குச் சுமார் 44 மீட்டர் நெருங்குகின்றன. அரை கிலோமீட்டர் தூரம் 11 நொடியில் தீர்ந்துவிடும். வளைவில் வண்டி தெரியாவிட்டாலும் மரங்களின் மேல் ஒளி நகர்வது தெரியும், அப்போதே இறக்கிவிடலாம்.

அவர் டிம் செய்யவில்லையா? சட்டென ஒரு தடவை, வேண்டுமானால் இன்னொரு தடவை இழுத்து விடுங்கள். மறந்துபோனவராக இருந்தால் உடனே இறக்கிவிடுவார். அப்படியும் இறக்காதவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். "அவனுக்கும் தெரியட்டும்" என்று நாமும் ஹைபீமை நிறுத்தி வைத்தால், கண் கூசிய இரண்டு பேர் ஒரே சாலையில் எதிரெதிரே வருகிறோம், அவ்வளவுதான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பார்வையை அவருடைய லைட்டிலிருந்து விலக்கி, சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டில் வையுங்கள். அந்தக் கோட்டை ஒட்டித்தான் லைட் இல்லாத சைக்கிள்காரரும் நடந்து போகிறவரும் இருப்பார்கள் என்பதால் வேகம் நன்றாகவே குறைய வேண்டும்.

முன்னால் ஒரு வண்டிக்குப் பின்னால் போகும்போதும் லோபீம்தான். நம் ஹைபீம் அவருடைய கண்ணாடி வழியாக நேராகக் கண்ணுக்குப் போகும்.

படி 3: முந்தும்போது

மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் பொறுமை வேண்டும்.

லாரியின் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு லைட் அடிப்பதால் பயனில்லை. ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், நேர் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியாது. குறைந்தது மூன்று நொடி இடைவெளி விட்டு, அவருடைய வலப்பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரிகிற இடத்துக்கு வாருங்கள். கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால் நீங்களும் அவருக்குத் தெரிவீர்கள்.

எதிரே சாலை நீளமாகக் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். வலது இண்டிகேட்டர் போடுங்கள். பிறகு இரண்டு முறை சுருக்கமாக லைட் அடித்து, அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இடது பக்கம் சற்று ஒதுங்கினால் உங்களைக் கவனித்துவிட்டார். அப்படியே நேராகப் போனால் காத்திருங்கள், மறுபடி அடியுங்கள். பகல் வெயிலில் லைட் எடுபடாது, ஹாரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லாரி ஓட்டுநர்கள் இண்டிகேட்டர் போட்டு "முந்திப் போ" என்று சொல்வதும் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் ஒருவர் வலது இண்டிகேட்டர் போட்டால் "போகலாம்" என்கிறாரா, "எதிரே வண்டி வருகிறது" என்கிறாரா, அல்லது அவரே வலது பக்கம் திரும்பப் போகிறாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதை நம்பி வெளியே எட்டாதீர்கள். எதிர்ச்சாலை உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் முந்தக் கூடாது.

நான்குவழிச் சாலையில் வலது தடத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போகிறவர்களுக்கும் இதே முறைதான். இரண்டு தடவை அடித்து, இடைவெளி விட்டுக் காத்திருங்கள். நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தால் அவர் பதற்றத்தில் பிரேக் போடலாம்.

படி 4: குறுகிய பாலமும் மலைப்பாதையும்

ஒரு வண்டி மட்டும் போகிற பாலத்தில் எதிரே இருப்பவர் முதலில் லைட் அடித்தால் அவர் வருகிறார் என்றே வைத்துக்கொண்டு நில்லுங்கள். அவர் நமக்கு வழிவிட்டே நின்றிருந்தாலும் நஷ்டம் சில நொடிதான். வழிவிட நினைப்பது நீங்களாக இருந்தால் லைட் அடிக்க வேண்டாம். ஓரமாக நின்று, கையைக் காட்டுங்கள்.

மலையில் ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை, இறங்குகிறவர் நிற்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால், இரவில் ஒருமுறை லைட்டை ஏற்றி இறக்கினால் பாறையில் ஒளி விழுந்து எதிரே வருபவருக்குத் தகவல் போய்விடும். பகலில் அதற்கு ஹாரன். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பனிமூட்டம் இறங்கியிருந்தால் ஹைபீமையே மறந்துவிடுங்கள். ஒளி பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும்.

27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் போன்ற காட்டுப் பாதையில் யானை நின்றால் லைட்டும் அடிக்கக் கூடாது, ஹாரனும் கூடாது. தூரத்திலேயே நிறுத்தி, அது போகும்வரை காத்திருங்கள். அதைக் கடந்து நன்றாகத் தள்ளி வந்த பிறகு, எதிரே ஏறி வருகிறவர்களுக்கு லைட் அடித்து, கையால் "மெதுவாக" என்று காட்டலாம்.

படி 5: உங்களைப் பார்த்து யாராவது லைட் அடித்தால்

காரணம் புரியாவிட்டாலும் வேகத்தைக் குறையுங்கள். முன்னால் விபத்து நடந்திருக்கலாம், மாடு படுத்திருக்கலாம், மரம் விழுந்திருக்கலாம். பிறகு உங்கள் வண்டியைச் சோதியுங்கள்: ஹைபீம் எரிகிறதா, இரவில் லைட் போடவே மறந்துவிட்டீர்களா, கதவு சரியாக மூடியிருக்கிறதா.

பகலில் பைக்கின் லைட் எரிவதைப் பார்த்து நீங்கள் சைகை காட்ட வேண்டியதில்லை. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் வரும் புது இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாகவே எரியும்.

வெளிநாட்டில் ஓட்டப்போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரிட்டனின் சாலை விதிநூலும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று தெரிவிக்க மட்டுமே லைட் அடிக்கச் சொல்கிறது. ஆனால் அங்கே பலர் "நீங்கள் போங்கள்" என்று வழிவிடுவதற்காக அடிக்கிறார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் "நான் வருகிறேன்" என்று நீங்கள் அடித்தால், எதிரே இருப்பவர் நீங்கள் வழிவிட்டதாக நினைத்து உங்கள் முன்னால் திரும்பிவிடக்கூடும். அங்கே போன புதிதில் லீவரில் கை வைக்காமல் பிரேக்கில் கால் தயாராக வைத்திருங்கள்.