பூஸ்ட் கண்ட்ரோலர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கேஜ் வாங்குங்க

மன்னார்குடியில உரக்கடை வச்சிருக்கேன். வண்டி 2005 மாடல் ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ, மூணாவது கையா வாங்கினது. கடைக்கு வர்ற பசங்க ரெண்டு பேரு "அண்ணே, எந்த பூஸ்ட் கண்ட்ரோலர் நல்லது?"ன்னு விடாம கேக்கறாங்க. நான் காசை விட்ட கதையையும் சேர்த்தே எழுதிடறேன். பூஸ்ட்னா டர்போ என்ஜினுக்குள்ள அமுக்கித் தள்ற காத்தோட பிரஷர், அதைக் கூட்டி வைக்கறது கண்ட்ரோலர், அளந்து காட்டற மீட்டர் கேஜ்.

வேஸ்ட்கேட் புரியலைன்னா எதை வாங்கியும் பிரயோசனமில்ல. நம்ம ஊர்க்காரங்களுக்கு முக்கொம்பைச் சொன்னாலே போதும். வர்ற தண்ணி அவ்வளவையும் காவிரியில விட்டா கரை தாங்காது, மிச்சத்தைக் கொள்ளிடத்துல தள்ளணும். டர்போவிலயும் அதே கதைதான். என்ஜின் புகை டர்பைனைச் சுத்தும். பூஸ்ட் போதும்ங்கிற அளவுக்கு வந்ததும் வேஸ்ட்கேட் திறந்து, மிச்சப் புகை டர்பைனைத் தொடாம சைலன்சர் பக்கம் போயிடும். அந்தக் கதவை இழுக்கறது ஆக்சுவேட்டர்ங்கிற சின்ன டப்பா. உள்ளே ஒரு டயாபரம்ங்கிற ரப்பர் சவ்வு, ஒரு ஸ்பிரிங். டர்போவிலிருந்து ஒரு மெல்லிசு ஹோஸ் வழியா பிரஷர் வந்து டயாபரத்தைத் தள்ளும். ஸ்பிரிங் தோத்ததும் கதவு திறக்கும்.

கண்ட்ரோலர் உக்கார்றது அந்த ஹோஸ் நடுவுல. மதகைத் திறந்து மூடற லஸ்கர்கிட்ட "ஆத்துல இன்னும் அவ்வளவு தண்ணி வரலைப்பா, மெதுவா திற"ன்னு பொய் சொல்றதுதான் அதோட வேலை. அதனால ஸ்பிரிங் அளவுக்குக் கீழே எந்தக் கண்ட்ரோலராலயும் பூஸ்டைக் குறைக்க முடியாது. ஹோஸ் கழண்டா லஸ்கருக்குச் சேதியே போகாது. ஷட்டர் மூடினபடியே கிடக்கும், வெள்ளம் முழுக்க காவிரியிலதான். 2018 ஆகஸ்ட்ல முக்கொம்புல கொள்ளிடம் பக்கம் 9 மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சே, அது இதுக்கு நேர் எதிர். கதவே இல்லாம போனா டர்போவில பூஸ்ட் ஏறாது, வண்டி சோம்பலாப் போகும், அவ்வளவுதான். மூடிக்கிட்டா என்ஜின் போயிடும்.

எனக்கு நடந்தது மூடிக்கிட்டதுதான். என் வண்டியில கம்பெனியே என்75னு ஒரு சோலனாய்டு, அதாவது கரண்ட்டுல திறந்து மூடற வால்வு போட்டிருக்கான், இசியுங்கிற என்ஜின் கம்ப்யூட்டர் அதை வச்சுத்தான் பூஸ்டைப் பார்த்துக்குது. புத்திசாலின்னு நினைச்சுக்கிட்டு அதைக் கழட்டிட்டு, ஆன்லைன்ல வாங்கின பிளீட் வால்வைப் போட்டேன். ஒரு டி வடிவ ஜாயிண்ட், ஒரு திருகு. கொஞ்சம் காத்தை வெளியே கசிய விடும், அதுக்கு மேல ஒண்ணுமில்ல. மீன் தொட்டிக்கு விக்கற காத்து வால்வுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஹோஸை பிளாஸ்டிக் டையால கட்டினேன். மே மாசம், நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல அரை மணி நேரம் ஏசியோட நின்னேன். கேட் திறந்ததும் ஆத்திரத்துல மிதிச்சேன். எப்பவும் 9 பிஎஸ்ஐல (பிரஷரோட அளவு) நிக்கற கேஜ் முள்ளு 18ஐத் தாண்டுச்சு. டக்குனு வண்டி யாரோ பின்னாலேர்ந்து இழுத்த மாதிரி குலுங்கி அடங்கிடுச்சு, இசியு கட் பண்ணிடுச்சு. பானெட்டைத் திறந்தா ஹோஸ் சூட்டுல இளகி ஆக்சுவேட்டர் மூக்கிலிருந்து நழுவிக் கிடக்கு. கேஜ் இருந்ததாலதான் என்ன நடந்ததுன்னே தெரிஞ்சுது.

அதனால மொதல் செலவு கேஜ். த்ராட்டிலுக்கு அப்புறம், மேனிஃபோல்டிலிருந்து தனியா லைன் எடுங்க, கண்ட்ரோலர் ஹோஸ்ல டி போடாதீங்க. 1 பார்னா 14.5 பிஎஸ்ஐ. என்ஜின் ஆஃப்ல இருக்கறப்பவே 1 பார் காட்டினா, அது வெளிக்காத்தையும் சேர்த்துக் காட்டற கேஜ், அதைக் கழிச்சுக்கணும்.

இப்ப உங்க வண்டிக்குக் கண்ட்ரோலர் தேவையான்னு பாருங்க. புது டர்போ பெட்ரோல் எல்லாத்திலயும் இசியுவே பூஸ்டைப் பார்த்துக்குது. நடுவுல வால்வைச் சொருகினா அது கேட்ட பூஸ்டும் கிடைச்ச பூஸ்டும் ஒத்துப் போகாம லைட் எரியும், வண்டி பவரைக் குறைச்சுக்கிட்டு ஊர்ற லிம்ப் மோடுக்குப் போகும். 1.0 டிஎஸ்ஐ மாதிரி வண்டியில வேஸ்ட்கேட்டை மோட்டாரே இழுக்குது, வெட்டறதுக்கு ஹோஸே கிடையாது. விஜிடி டர்போ வச்ச டீசல்ல வேஸ்ட்கேட்டே இல்ல, டர்பைனைச் சுத்தியிருக்கற இறக்கைதான் திரும்பிப் பூஸ்டைப் பார்த்துக்கும். இதுக்கெல்லாம் வழி நல்ல ஆளா பார்த்து ரீமேப் பண்றது, அதாவது இசியு புரோகிராமை மாத்தறது. வாரண்டி போயிடும், இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லணும்.

பழைய டர்போ, இல்ல என்ஜின் மாத்தின வண்டி, வெறும் ஸ்பிரிங்கை நம்பி ஓடுது, கூட்டின பூஸ்டுக்கு ஏத்த பெட்ரோலும் கிடைக்குதுன்னா என் ஓட்டு பால்-ஸ்பிரிங் டைப்புக்கு. செட் பண்ணின பிரஷர் வர்ற வரைக்கும் குண்டு வழியை அடைச்சுக்கிட்டு இருக்கும், வேஸ்ட்கேட் அரைகுறையா திறக்காது, பூஸ்ட் சீக்கிரம் ஏறும். பிளீட்ல இந்த சுகம் இல்ல. வாங்கறப்ப ஆக்சுவேட்டர் பக்கம் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கான்னு பாருங்க. வாயில வச்சு ஊதினா லேசா 'ஸ்ஸ்'னு கசியணும். அது இல்லைன்னா ஆக்சிலரேட்டரை விட்டப்புறமும் காத்து உள்ளேயே மாட்டிக்கிட்டு கதவு மூடாது. திருகுக்கு லாக் நட்டும் வேணும், நம்ம ரோட்டு ஆட்டத்துல தானா திரும்பிக்கும்.

எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் கியருக்கு ஒரு பூஸ்ட் வைக்கும், எல்லை தாண்டினா தானே வெட்டும். ஆனா டியூன் பண்ணத் தெரிஞ்ச ஆள் வேணும். சாதாரண ஆக்சுவேட்டருக்கு மூணு போர்ட் சோலனாய்டு போதும், நாலு போர்ட்டுக்குக் காசைக் கொட்டாதீங்க.

செட் பண்றப்ப திருகை முழுசா தளர்த்திட்டு ஆரம்பிங்க. கால் திருப்பு, ஒரு ஓட்டம், கேஜைப் பக்கத்துல இருக்கறவர் பார்க்கட்டும். டைனோ (நின்ன இடத்துலயே உருளை மேல வண்டியை ஓட்டிப் பார்க்கற மெஷின்) கிடைச்சா அதுலயே வச்சுக்கோங்க. நம்ம பக்கம் அறுப்பு நேரத்துல பாதி ரோட்டுல நெல்லுதான் காயுது, அங்க போய் மிதிக்காதீங்க. மார்கழி விடியக்காலையில வச்ச அளவை அக்னி நட்சத்திர மத்தியானத்துல நம்பாதீங்க. சூடான காத்து உள்ளே போனா நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் கண்டபடி வெடிச்சு என்ஜினைத் தட்டும், கொஞ்சம் குறைச்சே வைங்க.

என் வண்டியில இப்ப புது என்75தான் ஓடுது. ஹோஸ் மட்டும் உள்ளே நூல் பின்னல் வச்ச சிலிக்கான், ரெண்டு முனையிலயும் ஸ்க்ரூ கிளாம்ப். குறுவை அறுப்பு முடிஞ்சு ஏர் ஃபில்டர்ல ஏறின பதர்த் தூசியைத் தட்டறப்ப, அந்த ரெண்டு கிளாம்பையும் ஒரு தடவை முறுக்கிப் பார்த்துடுவேன்.