கரெக்டிவ் ஆக்‌ஷன் எடுத்தாச்சு, சரி. பலன் இருந்ததா? அளந்து பார்ப்பது எப்படி

காப்பா (CAPA) படிவத்தின், அதாவது குறையைத் திருத்தவும் மறுபடி வராமல் தடுக்கவும் எடுக்கும் நடவடிக்கையைப் பதியும் தாளின், கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். "பலன் சரிபார்க்கப்பட்டது" என்று அச்சடித்திருக்கும். பக்கத்தில் "ஆம்", ஒரு கையெழுத்து, ஒரு தேதி. எதை வைத்து "ஆம்" போட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "டைலர்களுக்கு டிரெயினிங் கொடுத்தாச்சு சார்." இல்லாவிட்டால், "அதுக்கப்புறம் கம்ப்ளெயின்ட் வரலையே சார்."

முதல் பதில் நீங்கள் செய்த வேலையைச் சொல்கிறது, அதனால் என்ன மாறியது என்பதைச் சொல்லவில்லை. இரண்டாவதை, அடுத்த கன்டெய்னர் பையரிடம் போய்ச் சேரும்வரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலையில் 10.2 பிரிவு இதைத் தனி வேலையாகவே கேட்கிறது: காரணத்தைக் கண்டுபிடி, நடவடிக்கை எடு, எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று பார், அதற்கான பதிவை வை. எப்படிப் பார்ப்பது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. புதிதாக கியூசி (தரக் கட்டுப்பாடு) வேலைக்கு வந்தவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

திருப்பூர் டி-ஷர்ட் யூனிட் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் போட்டுக்கொண்டவை. பிரச்சினை மட்டும் பனியன் தைக்கும் எல்லோருக்கும் தெரிந்தது: தோள் தையல் ஓரத்தில் ஊசி ஓட்டை. பையர் வாஷ் செய்து பார்த்துப் புகார் அனுப்பியிருக்கிறார். மழுங்கிய ஊசியும் தவறான முனையுமே காரணம் என்று நீங்கள் முடிவு செய்து, உருண்டை முனை ஊசிக்கு மாற்றி, ஷிப்டுக்கு ஒரு புது ஊசி என்று விதி போட்டிருக்கிறீர்கள். இது பலன் தந்ததா?

படி 1: எதை, எங்கே எண்ணப் போகிறீர்கள்?

ஊசி ஓட்டையில் ஒரு சூது உண்டு. ஊசி நூலிழையை அறுத்திருந்தாலும் தைத்த உடனே அது கண்ணில் படாது. துணியை இழுக்கும்போதோ, வாஷிங் முடிந்த பிறகோதான் அறுந்த இழை விலகி ஓட்டை திறக்கும். உங்கள் ஃபைனல் செக்கிங் மேஜையில் நடவடிக்கைக்கு முன்னும் ஓட்டை தெரியவில்லை, பின்னும் தெரியாது. அந்த மேஜையின் அறிக்கையை வைத்து "பூஜ்யம் குறை" என்று எழுதினால், பொய் சொல்லாமலே பொய்யான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

ஆகவே வாஷ் செய்து, இழுத்துப் பார்த்து எண்ண வேண்டும். அதற்காக நல்ல பீஸை வீணாக்கத் தேவையில்லை. அதே ரோலின் கட்டிங் வேஸ்ட்டில் ஒரே நீளத் துண்டுகளை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் ஓவர்லாக் மெஷினில் அதே டைலரைத் தைக்கச் சொல்லுங்கள். மெஷின் எண்ணைத் துண்டிலேயே எழுதிவிடுங்கள். துவைத்துக் காயவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தையலின் இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள்.

எண்ணும் அலகையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு துண்டில் மூன்று ஓட்டை இருந்தால் அது மூன்றா, ஒன்றா? டிஹெச்யூ போடுகிறவர்கள் மூன்று என்பார்கள், ஏனென்றால் அது 100 பீஸுக்கு எத்தனை குறை என்ற கணக்கு. குறையுள்ள பீஸின் சதவீதம் என்றால் ஒன்று. எதுவானாலும் சரி, பாதியில் மாற்றக் கூடாது. கீழே வரும் கணக்குக்கு "ஓட்டை உள்ள துண்டு" என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 2: மாற்றத்துக்கு முந்தைய நிலை

நடவடிக்கை தொடங்கும் முன் இதே சோதனையைச் செய்து வையுங்கள். 20 மெஷின், மெஷினுக்கு நாளைக்கு 5 துண்டு, 6 நாள்: 600 துண்டு. அதில் 12 துண்டில் ஓட்டை, அதாவது 2 சதவீதம். "ஆர்டர் அவசரம், உடனே மாத்துங்க" என்று மேலிருந்து அழுத்தம் வரும். ஒரு லைனையாவது பழையபடி விட்டு அளந்துகொள்ளுங்கள். முந்தைய நிலை தெரியாமல் பின்னால் என்ன எண் வந்தாலும் அதற்கு அர்த்தமில்லை.

மிக மோசமான வாரத்தை முந்தைய நிலையாக எடுக்காதீர்கள். குறை எப்போதும் கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அது உச்சத்துக்குப் போகும் வாரத்தில்தான் எல்லோரும் பதறிக் கூட்டம் போட்டு நடவடிக்கை எடுப்பார்கள். உச்சத்துக்கு அடுத்த வாரம், யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கத்தின் பெருமை நடவடிக்கைக்குப் போய்விடுகிறது. தரக் கட்டுப்பாட்டில் நான் பார்க்கும் வெற்றிக் கதைகளில் கணிசமானவை இந்த வகை என்பது என் சந்தேகம்.

துணியையும் கவனியுங்கள். மெல்லிய சிங்கிள் ஜெர்சியில் முன்னால் அளந்துவிட்டு, கனமான துணியில் பின்னால் அளந்தால் துணி மாறியதைத்தான் அளக்கிறீர்கள். சாஃப்ட்னர் சரியாக ஏறாத வறண்ட துணியிலும் ஊசி வெட்டு கூடும். எந்த டையிங் லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணி) என்பதைக் குறித்து வையுங்கள்.

படி 3: தேர்ச்சி எண்ணை முன்கூட்டியே எழுதுங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டால் மற்றவை எல்லாம் அலங்காரம்தான். ஊசி மாற்றும் முன்பே காப்பா படிவத்தில் இப்படி எழுதுங்கள்:

"அதே துணி வகை, அதே வாஷ் சோதனை, 600 துண்டு. ஓட்டை உள்ளவை 3 அல்லது குறைவு என்றால் பலன் உண்டு. 4 முதல் 6 என்றால் இன்னும் 600 துண்டு. அதற்கு மேல் என்றால் காரணத்தை மறுபடி ஆராய வேண்டும். நூல் அறுவதும் தையல் விடுவதும் முன்பைவிடக் கூடக் கூடாது."

கடைசி வரி ஏன் என்றால், ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுப்பது சகஜம். ஓட்டையைக் குறைக்க ஊசியை மெல்லியதாக்கினால் அது வளையவும் உடையவும் வாய்ப்பு அதிகம்.

எண்ணை முன்பே எழுதாவிட்டால் என்ன ஆகும்? 7 வந்தால் "12 இருந்தது 7 ஆயிடுச்சே, முன்னேற்றம்தானே" என்பார்கள். 10 வந்தாலும் அதையேதான் சொல்வார்கள்.

படி 4: காரணத்தைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பாருங்கள்

முடிந்தால் மட்டும் செய்யலாம். ஆனால் செய்தால் இதற்கு ஈடு வேறில்லை. டோரியன் ஷைனின் என்ற அமெரிக்கத் தர நிபுணரின் பெயரால் அறியப்படும் எளிய சோதனை இது. ஒரே மெஷின், ஒரே டைலர், ஒரே ரோல். பழைய முறை ஊசியில் 3 ஓட்டம், புது முறையில் 3 ஓட்டம், ஒவ்வொன்றிலும் ஒரே நீளத் தையல். எது முன்னே எது பின்னே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். புதிய மூன்றுமே பழைய மூன்றையும்விட நன்றாக வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆறு முடிவுகளை மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழிகள் உண்டு. அதில் ஒன்றே ஒன்றுதான் இப்படி முழுதாகப் பிரியும். தற்செயலாக அமைய 20-இல் ஒரு வாய்ப்புதான்.

குறை நன்றாகத் தெரியும் மெஷினில் இதைச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் பூஜ்யமாக வந்தால் ஒன்றும் தெரியாது.

படி 5: நடவடிக்கை லைனில் உயிரோடு இருக்கிறதா?

ரெஜிஸ்டரைப் பார்த்தால் போதாது. பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதுசு என்ற நடைமுறை ஏற்கெனவே பல யூனிட்டுகளில் இருக்கிறது. உடைந்த ஊசித் துண்டுகளைத் தாளில் ஒட்டி வைப்பதும் உண்டு. அதெல்லாம் கையிருப்புக் கணக்கு. நீங்கள் மதியம் மூன்று மணிக்குச் சொல்லாமல் போய், ஐந்து மெஷினில் ஊசியைக் கழற்றச் சொல்லுங்கள். முனையை நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தில் கீறல் விழுந்தால் முனை சிதைந்திருக்கிறது. மெஷின் பக்கத்தில் கிடக்கும் ஊசிப் பாக்கெட்டையும் பாருங்கள். எஸ்இஎஸ் என்றால் லேசான உருண்டை முனை, எஸ்யூகே என்றால் நடுத்தர உருண்டை முனை. 65, 70, 75 என்ற எண்கள் ஊசித் தண்டின் பருமனை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்பவை. 65 என்றால் 0.65 மி.மீ. உங்கள் காப்பாவில் எழுதியிருப்பது ஒன்றும் மெஷினில் இருப்பது வேறொன்றுமாக இருந்தால், பலனை அளப்பதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நடக்காத நடவடிக்கைக்குப் பலன் பார்த்து என்ன செய்ய?

படி 6: எத்தனை பார்த்தால் போதும்?

"50 துண்டு பார்த்தோம், ஒன்றிலும் ஓட்டை இல்லை." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குறை பழையபடி 2 சதவீதமே இருந்தாலும், 50 துண்டில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கால்குலேட்டரில் 0.98-ஐ 50 முறை பெருக்கிப் பாருங்கள். ஒன்றுமே மாறாவிட்டாலும் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் நீங்கள் "பலன் உண்டு" என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

நினைவில் வைக்க எளிய வழி: 3-ஐப் பழைய குறை விகிதத்தால் வகுங்கள். 2 சதவீதம் என்றால் 3 ÷ 0.02 = 150. பழைய நிலை அப்படியே இருந்தால், அத்தனை துண்டும் சுத்தமாக வர ஏறக்குறைய 5 சதவீத வாய்ப்புதான். குறை 0.5 சதவீதத்துக்கும் கீழே என்று சொல்ல விரும்பினால் 600 துண்டு சுத்தமாக வர வேண்டும். அரிதான குறையை நிரூபிக்க நிறைய எண்ண வேண்டும், இதில் குறுக்குவழி இல்லை.

பூஜ்யம் வராவிட்டால்? முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கை பார்த்திருந்தால், குறை சில சதவீதத்துக்குள் இருக்கும்வரை ஒரு கைக்கணக்கு போதும். இரண்டு எண்களின் வித்தியாசத்தை, அவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். விடை 2-க்கு மேல் என்றால் மாற்றம் நிஜம் என்று நம்பலாம்.

12 இருந்தது 5 ஆனால்: வித்தியாசம் 7, கூட்டுத்தொகை 17, அதன் வர்க்கமூலம் 4.12. விடை 1.7. போதாது. பவர்பாயின்ட்டில் "58 சதவீதம் குறைந்தது" என்று போட்டால் கைதட்டல் கிடைக்கும், ஆனாலும் போதாது. 12 இருந்தது 3 ஆனால் 9-ஐ 3.87-ஆல் வகுக்க 2.3 வரும். நம்பலாம். படி 3-இல் 3 என்ற எண் வந்தது இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஒவ்வொரு துண்டும் மற்றதைச் சாராமல் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஓட்டையான 12 துண்டும் இரண்டே மெஷினிலிருந்து வந்திருந்தால் நீங்கள் 600 சாட்சிகளைக் கேட்கவில்லை, இரண்டு கெட்ட ஊசிகளைப் பார்த்திருக்கிறீர்கள். அப்போது எத்தனை மெஷினில் குறை வந்தது என்று எண்ணுவதே நேர்மை. துண்டில் மெஷின் எண் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

படி 7: எத்தனை நாள்?

"30 நாள் கழித்துச் சரிபார்" என்று படிவத்தில் அச்சடித்து வைத்திருப்பார்கள். நாளைவிட நிகழ்வு முக்கியம். இரண்டு ஷிப்டும் ஓடியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு டையிங் லாட் மாறியிருக்க வேண்டும், ஒரு பெரிய ஆர்டரின் நெருக்கடி வாரம் வந்து போயிருக்க வேண்டும். தீபாவளி விடுமுறை முடிந்து புது டைலர்கள் சேரும் சமயம் நல்ல பரீட்சை. யாரும் சொல்லாமலே புது ஆளுக்கும் சரியான ஊசி கிடைக்கிறதா என்று அப்போது தெரியும்.

வாரா வாரம் ஒரு புள்ளி வைத்து வரைபடம் போடுங்கள். பழைய சராசரியை ஒரு கோடாக இழுத்து, ஊசி மாற்றிய நாளில் ஒரு குத்துக்கோடு போடுங்கள். மாற்றத்துக்குப் பிறகு தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் பழைய சராசரிக்குக் கீழே விழுந்தால் அது தற்செயல் இல்லை. மேலே விழவும் கீழே விழவும் சம வாய்ப்பு என்று வைத்தாலும், எட்டும் கீழே விழ 256-இல் ஒரு வாய்ப்புதான்.

பலன் இல்லை என்று வந்தால்

முதலில் படி 5-க்குப் போங்கள். நடவடிக்கை நடக்கவில்லை என்றால் நடக்க வையுங்கள், அவ்வளவுதான். நடந்தும் எண் அசையவில்லை என்றால் காரணம் தவறு. கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் காரணம் சரி, ஆனால் கூட இன்னொன்றும் இருக்கிறது. நம் உதாரணத்தில் அது பெரும்பாலும் துணியின் வறட்சியாக இருக்கும்.

இந்த மூன்றுக்கும் "மறுபடி டிரெயினிங்" என்று எழுதுவது நம் ஊர் வழக்கம். டிரெயினிங் தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆள் மறந்தால் தீர்ந்துபோகும் நடவடிக்கையை நிரந்தரமானது என்று படிவத்தில் எழுதாதீர்கள் என்கிறேன். 1961-இல் ஜப்பானிய உற்பத்தி நிபுணர் ஷிகேயோ ஷிங்கோ, யமடா எலக்ட்ரிக் ஆலையில், சுவிட்சுக்குள் ஸ்பிரிங் போட மறக்கும் பிரச்சினைக்கு என்ன செய்தார் தெரியுமா? வேலை தொடங்கும் முன் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வைக்கச் சொன்னார். பொருத்தி முடித்த பிறகு தட்டில் ஸ்பிரிங் மிச்சம் இருந்தால் மறந்துவிட்டோம் என்று அந்த நொடியே தெரியும். இத்தகைய நடவடிக்கைக்குப் பலன் பார்ப்பதும் சுலபம், தட்டு மேஜையில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டியது

"ஆம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக இப்படி:

"முன்: 600 துண்டில் 12. பின்: 600 துண்டில் 3, மூன்றும் வெவ்வேறு மெஷின். துணி: சிங்கிள் ஜெர்சி, இரண்டு டையிங் லாட், இரண்டு ஷிப்ட். திடீர்ச் சோதனையில் 5 மெஷினில் 5-லும் சரியான ஊசி. நூல் அறுவது கூடவில்லை. முன்பே எழுதிய தேர்ச்சி எண்: 3 அல்லது குறைவு. முடிவு: பலன் உண்டு."

கையெழுத்து, நடவடிக்கை எடுத்தவருடையதாக இல்லாமல் வேறொருவருடையதாக இருக்கட்டும். காப்பாவை மூடிய பிறகும் மெஷினுக்கு வாரம் ஒரு துண்டு வாஷ் சோதனையைத் தொடருங்கள். வேஸ்ட் துணியும் கொஞ்ச நேரமும்தான் செலவு. எந்த மெஷினில் ஓட்டை தெரிகிறதோ அதன் ஊசியை அன்றைக்கே கழற்றி, துண்டோடு சேர்த்து ரெஜிஸ்டரில் ஒட்டிவிடுங்கள்.