கேபினட் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது மற்ற எல்லா பாகங்களையும் யோசித்து வாங்கிவிட்டு, கேபினட்டை மட்டும் கண்ணாடியையும் கலர் விளக்கையும் பார்த்து வாங்கிவிடுகிறோம். வீட்டுக்கு வந்து மாட்டினால் கிராபிக்ஸ் கார்டு ஒரு விரல்கடை நீளம் அதிகம், உள்ளே போகாது.

படி 1: மதர்போர்டு

மதர்போர்டு சில நிலையான அளவுகளில் வரும்: ஏ.டி.எக்ஸ் போர்டு 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏ.டி.எக்ஸ் 244 × 244, மினி ஐ.டி.எக்ஸ் 170 × 170. ஏ.டி.எக்ஸ் மிட் டவரில் (நடுத்தர அளவு கேபினட்) பெரும்பாலும் மூன்றுமே பொருந்தும். முதல்முறை வாங்குபவர்கள் தயங்காமல் அதையே எடுக்கலாம். சிறிய போர்டை மாட்டினால், போர்டில் துளை இல்லாத இடத்தில் நிற்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃபை (போர்டைத் தாங்கும் சிறு தண்டு) கழற்றிவிடுங்கள். அது போர்டின் அடிப்பக்கச் சால்டரைத் தொட்டால் ஷார்ட் ஆகும்.

படி 2: கார்டு, கூலர், எஸ்.எம்.பி.எஸ்

பலர் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் ‘கார்டு நீளம் 360 மி.மீ. வரை’ என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் முன்பக்கம் காலியாக இருக்கும்போது உள்ள கணக்கு. அங்கே லிக்விட் கூலரின் 27 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. ஃபேனும் வந்தால் 52 மி.மீ. போய்விடும், மிச்சம் 308. உங்கள் கார்டு 320 என்றால் ரேடியேட்டரை மேலே மாட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீளத்தைப் போலவே கார்டின் அகலமும் முக்கியம். புதிய 16 பின் பவர் கேபிளைச் சொருகிய இடத்திலிருந்து சுமார் 35 மி.மீ. நேராக விட்டுத்தான் வளைக்க வேண்டும். கண்ணாடிக் கதவு அதை அழுத்தினால் பின் சரியாக உட்காராது, சூடேறி உருகவும் கூடும். கார்டின் விளிம்பிலிருந்து கதவு வரை அந்த இடம் கட்டாயம் வேண்டும்.

பிராசஸர் மேல் நிற்கும் டவர் கூலர்களில் பல 155 முதல் 165 மி.மீ. உயரம். கேபினட்டில் கூலருக்குச் சொல்லியிருக்கும் உயரம் அதைவிட 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். ஏ.டி.எக்ஸ் எஸ்.எம்.பி.எஸ்ஸில் (பவர் சப்ளை) அகலமும் உயரமும் மாறாது (150, 86 மி.மீ.). நீளம்தான் 140இலிருந்து 180 வரையும் அதற்கு மேலும் போகும். மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை) என்றால் பிளக் சொருகவும் இடம் வேண்டும். ஹார்டு டிஸ்க் கூண்டு இடித்தால் கழற்ற முடியுமா என்று கேளுங்கள்.

படி 3: காற்று

முன்பக்கம் மெஷ்ஷாக (வலை) இருக்கட்டும். முழுக் கண்ணாடி போட்டு ஓரத்தில் மெல்லிய இடுக்கு மட்டும் விட்ட மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். எத்தனை ஃபேன் வைத்தாலும் உறிஞ்சக் காற்று இருக்காது. முன்னால் மூன்று 120 மி.மீ. அல்லது இரண்டு 140 மி.மீ. ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால் போதும். உள்ளே வருவது அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி நுழைவது குறையும். ஃபேனில் குறுக்குக் கம்பிகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

படி 4: பின்பக்கக் கதவு

மதர்போர்டு தட்டுக்கும் பின்கதவுக்கும் நடுவே 20 மி.மீ.யாவது வேண்டும், 25 இருந்தால் நிம்மதி. மதர்போர்டுக்குப் பவர் தரும் 24 பின் கேபிள் தடிமனானது. இன்னொரு கேபிள் மேல் ஏறினால் கதவு பிதுங்கும். கடையில் கதவின் நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தகரம் போல் உள்வாங்கி ‘டக்’ என்று திரும்பினால், ஃபேன் ஓடும்போது அதிர வாய்ப்பு அதிகம்.