மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன் பார்க்க வேண்டிய தூரக் கணக்கு

பூச்சிகளையும் சிலந்திகளையும் படமெடுப்பதற்காக மேக்ரோ லென்ஸ் வாங்க விரும்புவோர், கூர்மையைவிட, லென்ஸின் முன்முனைக்கும் பூச்சிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி கிடைக்கும் என்பதையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்றைய மேக்ரோ லென்ஸ்களில் கூர்மை குறைந்தவை அரிது. இடைவெளியோ லென்ஸுக்கு லென்ஸ் பெரிதும் வேறுபடுகிறது.

அதற்கு முன், உருப்பெருக்கம் 1:1 தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. நீளமுள்ள வண்டின் பிம்பம் சென்சார் மீதும் 10 மி.மீ. அளவிலேயே விழுவதுதான் 1:1. ஜூம் லென்ஸ்கள் பலவற்றில் 'மேக்ரோ' என்று அச்சிடப்பட்டிருந்தாலும், அவை 1:4 அல்லது 1:3 அளவோடு நின்றுவிடுகின்றன.

தயாரிப்பாளர்கள் தரும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம், அதாவது லென்ஸால் தெளிவாகப் படமெடுக்க முடிந்த மிக அருகிலான தூரம், சென்சாரிலிருந்து அளக்கப்படுவதால், கேமராவின் உட்பகுதியும் லென்ஸின் நீளமும் அதிலேயே அடங்கிவிடுகின்றன. கேனான் இஎஃப் 100 மி.மீ. எஃப்/2.8 எல் லென்ஸுக்கு (100 மி.மீ. என்பது காட்சியை எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதைக் குறிக்கும் குவிய நீளம், லென்ஸின் நீளம் அல்ல) இந்தத் தூரம் 30 செ.மீ.; லென்ஸின் நீளமான 12.3 செ.மீ.யையும், லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரையுள்ள 4.4 செ.மீ.யையும் கழித்தால், கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 13 செ.மீ. இதே கணக்கின்படி இஎஃப்-எஸ் 60 மி.மீ. லென்ஸில் சுமார் 9 செ.மீ.யும், இஎஃப் 180 மி.மீ. லென்ஸில் சுமார் 25 செ.மீ.யும் கிடைக்கின்றன. பக்கவாட்டு ஒளியைத் தடுக்க முன்முனையில் பொருத்தும் லென்ஸ் ஹூடை மாட்டினால் இவை மேலும் குறையும். 9 செ.மீ. அருகில் சென்றால் தும்பி பறந்துவிடும். அது பறக்காமல் இருந்தாலும் லென்ஸின் நிழல் அதன்மேல் விழுந்து ஃபிளாஷ் ஒளியை மறைக்கும். பூக்கள், நாணயங்கள், நகைகள் போன்ற அசையாப் பொருள்களுக்கு 60 மி.மீ. போதும். உயிருள்ளவற்றுக்கு 90 முதல் 105 மி.மீ. வரையிலான லென்ஸையே பரிந்துரைக்கிறேன். 180 மி.மீ. லென்ஸ் தரும் இடைவெளி அருமையானதுதான் என்றாலும், ஒரு கிலோவுக்கு மேற்பட்ட அதன் எடையைக் கையில் ஏந்திப் புதர்களுக்கிடையே நெடுநேரம் குனிந்திருப்பது கடினம்.

குவிய நீளம் கூடிய நீண்ட லென்ஸில் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகத் தெளிவாகத் தெரியும் பகுதி, குறையும் என்ற அச்சம் வேண்டாம். ஒரே உருப்பெருக்கமும், ஒளி நுழையும் ஒரே துளையும் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) இருந்தால், எந்த லென்ஸிலும் ஆழம் ஏறத்தாழ ஒன்றே: 1:1-இல் எஃப்/11 வைத்தாலும் அது ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். மாறுவது பின்னணி. நீண்ட லென்ஸ் பின்னணியின் சிறு பகுதியை மட்டுமே காட்டுவதால், குழப்பமான இலைக்கூட்டம் மறைந்து படம் தெளிவு பெறுகிறது.

எஃப்/2.8 என்ற பெரிய துளைக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை; 1:1-ஐ எட்டும்போது லென்ஸ் அந்த அளவு ஒளியைத் தருவதில்லை, பூச்சிகளுக்குப் பெரும்பாலும் எஃப்/8 அல்லது எஃப்/11 தான் பயன்படும். அதிர்வுக் கட்டுப்பாட்டையும் அளவோடு நம்புங்கள். மேற்சொன்ன 100 மி.மீ. லென்ஸுக்கு, சாதாரணத் தூரத்தில் நான்கு ஸ்டாப், 1:1-இல் இரண்டு ஸ்டாப் என்றே கேனான் குறிப்பிடுகிறது (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்க இடம் தரும்). மிச்சமாகும் பணத்தை ஃபிளாஷுக்கும், அதன் ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசருக்கும் செலவிடுங்கள்.

இந்தத் துறை பிடிக்குமா என்று பார்க்க விரும்புவோருக்கு கண்ணாடி ஏதுமில்லாத வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூப் போதும். 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 25 மி.மீ. டியூபை வைத்தால், லென்ஸின் உருப்பெருக்கத்தோடு ஏறத்தாழ 0.5 கூடும், ஆனால் இடைவெளி மிகவும் சுருங்கும், தொலைவில் உள்ளவற்றில் ஃபோகஸ் கிடைக்காது. கேமராவோடு தானாக இணைந்து துளையைக் கட்டுப்படுத்த உதவும் மின்தொடர்பு உள்ள டியூபையே கேட்டு வாங்குங்கள்.