அம்மாவுக்கு முடக்கு வாதம் என்றால் எனக்கும் வருமா? மரபணு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மாவுக்கோ அக்காவுக்கோ முடக்கு வாதம் (எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருந்தால், நமக்கும் வந்தே தீரும் என்று பலர் மனதுக்குள் முடிவு கட்டிவிடுகிறார்கள். முதலில் விட வேண்டியது இந்த முடிவைத்தான். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவாக, வரும் நோய் இது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு கூடும். மூன்று மடங்கு என்று கேட்டதும் நெஞ்சு படபடக்கும், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நூறில் இரண்டு மூன்று பேர். மீதி தொண்ணூற்றேழு பேருக்கு வருவதில்லை.

அப்புறம், 'இந்த நோயில் 60 சதவீதம் மரபுதான்' என்று எங்காவது படித்துவிட்டு, தனக்கு வர 60 சதவீத வாய்ப்பு என்று நினைத்துக்கொள்வது. இந்த எண் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில் கிடைத்தது. ஒரு மக்கள் கூட்டத்தில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. அந்த வித்தியாசத்தில் மரபணுக்களின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் அது சொல்கிறது, உங்கள் ஒருவருடைய வாய்ப்பைப் பற்றி அது பேசவே இல்லை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர்களை எடுத்துக்கொள்ளுங்கள், மரபணு அச்சு அசலாக ஒன்றுதான், ஆனாலும் ஒருவருக்கு முடக்கு வாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது நூறில் 12 முதல் 15 பேருக்குத்தான்.

சரி, அப்படியானால் மரபணு என்னதான் செய்கிறது? இதில் பெரிய பங்கு எச்.எல்.ஏ-டிஆர்பி1 என்ற மரபணுவுக்கு. உடலுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை எதிர்ப்புச் சக்தி அணுக்களிடம் எடுத்துக் காட்டும் மூலக்கூறை உருவாக்குவது இதுதான். இதன் சில வகைகளில் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒரே மாதிரியான அமினோ அமில வரிசை இருப்பதை 1987-ல் கிரெகர்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் சுட்டிக்காட்டினார்கள். அந்த வரிசை இருந்தால் ஆபத்து கூடுகிறது. ஆனால் நோயே இல்லாத எத்தனையோ பேரிடமும் அதே வரிசை இருக்கிறது. அதனால் ஆயிரக்கணக்கில் செலவழித்து மரபணுப் பரிசோதனை செய்து 'பாசிட்டிவ்' என்று பார்த்துப் பயப்படுவதும் தவறு, 'நெகட்டிவ்' என்று பார்த்து நிம்மதியாக உட்காருவதும் தவறு. 2014-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் நூற்றுக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். பெரும்பாலானவற்றின் பங்கு தனித்தனியாக மிகச் சிறியது. ஊருக்கு ஊரும் மாறும். ஐரோப்பியர்களிடம் முக்கியமாகப் பேசப்படும், பிடிபிஎன்22 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் ஆசியர்களிடம் அரிது, ஆகவே ஐரோப்பியர்களை வைத்துத் தயாரித்த 'ஆபத்து மதிப்பெண்' நமக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்பக் கூடாது.

எச்.எல்.ஏ-பி27 என்ற இன்னொரு மரபணுப் பரிசோதனையைப் பற்றிய குழப்பம் தனி. பெயர் ஒரே மாதிரி இருப்பதால், அது நெகட்டிவ் என்று வந்ததும் 'சரவாங்கி (முடக்கு வாதம்) இல்லை' என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். அது முதுகெலும்பை இறுக்கும் வேறொரு வாத நோய்க்கான பரிசோதனை.

மரபணுவை மாற்ற முடியாது, அதனால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவதைத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாக நினைக்கிறேன். புகையிலைப் புகை நுரையீரலில் சில புரதங்களின் அமைப்பையே மாற்றுகிறது. அப்படி மாறிய புரதங்களை, நான் மேலே சொன்ன அமினோ அமில வரிசை உள்ள மூலக்கூறு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. எதிர்ப்புச் சக்தி அவற்றை அந்நியன் என்று நினைத்து ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) தயாரிக்கத் தொடங்குகிறது. ஆன்டி-சிசிபி என்று லேபில் பார்ப்பது இந்த ஆன்டிபாடியைத்தான். 2006-ல் வந்த ஸ்வீடன் ஆய்வின்படி, அந்த வரிசை தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் வந்து, புகைபிடிக்கும் பழக்கமும் இருந்தவர்களுக்கு இந்த ஆன்டிபாடியோடு கூடிய முடக்கு வாதம் வரும் வாய்ப்பு, இரண்டுமே இல்லாதவர்களைவிட 21 மடங்கு. குடும்பத்தில் ஒருவருக்கு இருக்கிறதென்றால் பீடி, சிகரெட்டை இன்றைக்கே விடுங்கள். ஈறில் ரத்தம் கசிந்தால் பல் டாக்டரைப் பாருங்கள், நாள்பட்ட ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

பாட்டிக்கு முழங்கால் வலி இருந்ததை வைத்து 'எங்கள் குடும்பத்திலேயே வாதம்' என்று சொல்வதும் உண்டு. வயதானபின் வரும் முழங்கால் வலி பெரும்பாலும் தேய்மானம், அது வேறு நோய். மாறாக, குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று கை வீக்கத்தை அலட்சியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். முடக்கு வாதம் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் குடும்ப வரலாறே கிடையாது.

காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி, ஒரு மணி நேரம் மடக்க முடியாமல் இறுகுவது, இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்குவது, கைகுலுக்கினாலே வலிப்பது, இது வாரக்கணக்கில் தொடர்வது. இவை இருந்தால், குடும்ப வரலாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் மூன்று மாதத்துக்குள் ருமட்டாலஜிஸ்ட்டை (மூட்டு வாத நிபுணரை) பார்த்துவிடுங்கள், சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்பதால் போகாமல் இருக்காதீர்கள், நோயாளிகளில் நாலைந்து பேரில் ஒருவருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். போவதற்கு முன் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். வீக்கம் தற்காலிகமாக அடங்கிவிட்டால், டாக்டர் விரலை அழுத்திப் பார்க்கும்போது தெரிய வேண்டியது தெரியாமல் போய்விடும்.