சூடான அம்பாசிடர் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லையா? படிப்படியாகப் பார்ப்போம்

வேலூரில் பெட்ரோல் அம்பாசிடரோ பிரீமியர் பத்மினி காரோ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. காலையில் சாவியைத் திருகியதுமே ஸ்டார்ட் ஆகிறது. சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை ஒழுங்காக ஓடுகிறது. டீ குடித்துவிட்டு வந்து திருகினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது.

உடனே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்: கார்பரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாற்று, மின்சார பம்ப் போடு. தயவுசெய்து எதையும் வாங்காதீர்கள். வராதது பெட்ரோலா, தீப்பொறியா என்று சூட்டோடு சூடாக அந்த இடத்திலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டி ஆறிவிட்டால் கோளாறும் ஒளிந்துகொள்ளும். பிறகு கைதேர்ந்த மெக்கானிக்குக்கும் அது ஊகம்தான்.

ஓடும்போது விசிறியும் தண்ணீர் பம்பும் சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுகின்றன. இரும்பில் தேங்கிய சூடு மேலே ஏறுகிறது. அதனால்தான் நிறுத்திய பத்துப் பதினைந்து நிமிடத்தில் பானெட்டுக்குள் அனல் உச்சத்துக்குப் போகிறது. அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினில் கார்பரேட்டர் இருப்பதே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (சூடான புகையை வெளியேற்றும் இரும்புக் குழாய்) மேலேதான். பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே ஆவியாகத் தொடங்கும். கத்திரி வெயிலில் நம் ஊர்க் காற்றே அந்த அளவைத் தொட்டுவிடுகிறது.

முதல் படி: செல்ஃபின் சத்தம்

வழக்கமான வேகத்தில் சுற்றினால் இரண்டாம் படிக்குப் போங்கள். முக்கி முனகிச் சுற்றினால் பேட்டரி முனைகளையும் எர்த் பட்டையையும் சுத்தம் செய்து இறுக்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மற்றதை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

இரண்டாம் படி: தீப்பொறி

கார்பரேட்டரைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவி பரவிய இடத்தில் தீப்பொறி வரவழைப்பது உயிருக்கே ஆபத்து. ஏற்கனவே பெட்ரோல் வாசனை பலமாக அடித்தால் இதை விட்டுவிட்டு மூன்றாம் படிக்குப் போங்கள்.

காயிலிலிருந்து (தீப்பொறிக்கான உயர் வோல்ட் மின்சாரம் தரும் பாகம்) வரும் தடித்த ஒயரை, அதைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலிருந்து கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, அதன் நுனியை இன்ஜின் இரும்பிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது நீல நிறத்தில் பளிச்சென்று பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் கண்டென்சரையும் காயிலையும் சந்தேகியுங்கள்.

கண்டென்சர் மிகச் சிறிய பாகம், விலையும் குறைவு. ஆறியிருக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, சூடேறியதும் கைவிடுவது அதன் வழக்கம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட்டை (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகள்) பாருங்கள்: முகம் கருகியோ, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாகவோ இருந்தால் கண்டென்சரை மாற்றிவிடலாம். பாயிண்ட் இடைவெளி அம்பாசிடருக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். தீப்பொறிக் கோளாறுக்குக் கார்பரேட்டரைக் கழற்றி, அதன் அசல் ஜெட்டுகளை (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைப் பாகங்கள்) தொலைத்த வண்டிகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

மூன்றாம் படி: பெட்ரோல்

முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

அடுத்து இக்னிஷனை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் அருகில் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கார்பரேட்டரின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் அசையுங்கள்.

மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்சாமல் வறண்டு கிடந்தால் ஏர் லாக், அதாவது சூட்டில் ஆவியான பெட்ரோல் குழாயை அடைத்துக்கொண்டது. ஏ.சி. பம்பின் (இன்ஜினோடு இயங்கும் பெட்ரோல் பம்ப்) மேல் ஈரத்துணியைச் சுற்றிச் சில நிமிடம் பொறுங்கள். பிறகு வண்டி கிளம்பினால் காரணம் அதுதான். டிஸ்ட்ரிபியூட்டரிலும் கொதிக்கும் மேனிஃபோல்டிலும் தண்ணீர் பட வேண்டாம். மேனிஃபோல்ட் விரிசல் விடும். நிரந்தரத் தீர்வுக்குப் பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்தும் ரேடியேட்டர் ஹோஸிலிருந்தும் விலக்கி அமையுங்கள். கார்பரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் பேக்கலைட் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரிப்பேர்களில் அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். பம்பின் டயஃப்ரமும் ரப்பர் ஹோஸும் பழையதாக இருந்தால், எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுங்கள். எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் பழைய ரப்பரை ஊதவைத்துவிடும்.

மாறாக உள்ளே ஈரம் மினுங்கி, குழாய் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. ஏர் ஃபில்டரை மாட்டுங்கள். சோக்கை இழுக்காமல், ஆக்சிலரேட்டரைத் தரை வரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, பத்து வினாடிக்கு மிகாமல் செல்ஃப் அடியுங்கள். காலை எடுத்து எடுத்து அழுத்தினால் இன்னும் நிரம்பும். அடிக்கடி இப்படி ஆனால் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரவைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வையும் மிதவை மட்டத்தையும் சரிபார்க்க வேண்டும்.

நான்காம் படி: சோதனை ஓட்டம்

நடுப்பகலில் ஏலகிரி மலையேறிப் பாருங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரிலும் முதல் கியரிலும் ஏறும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகும். மேலே நிழலில்லாத இடத்தில் பானெட்டைத் திறக்காமல் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு, சோக் இல்லாமல் திருகுங்கள். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே, ஆறுவதற்குள், முதல் படியிலிருந்து மறுபடி பாருங்கள்.