ஏற்காட்டில் துப்பாக்கி உரிமம் பற்றி விவாதம் நடத்துவது எப்படி

'துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா' என்று தலைப்பு வைத்தால் பேச்சு பத்தே நிமிடத்தில் அமெரிக்காவுக்குப் போய்விடும். அங்கே ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பற்றி 1791-இல் வந்த அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் இருக்கிறது. அந்த உரிமை தனிமனித உரிமைதான் என்று 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இங்கே துப்பாக்கி அடிப்படை உரிமை அல்ல, அரசு தரும் உரிமம். ஆகவே ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குப் பொருந்தும்படி தலைப்பை இறுக்குங்கள்: 'மலை விவசாயிகளுக்குப் பயிர்க்காவல் துப்பாக்கி உரிமத்தை எளிதாக்க வேண்டும்.'

அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் இரண்டு நிமிடம் குறுக்குக் கேள்வி கட்டாயம். இல்லாவிட்டால் எழுதி வந்ததை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு வாரம் முன்பே இரு அணிக்கும் ஒரே சட்டக் குறிப்பைக் கொடுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தோடு 2019 திருத்தமும் அதில் இருக்க வேண்டும். பழைய புத்தகத்தைப் பார்த்து வருகிறவர் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி, உரிமம் மூன்றாண்டு என்பார். இப்போது இரண்டு துப்பாக்கி, ஐந்தாண்டு.

எளிதாக்கச் சொல்லும் அணிக்குப் பலம் ஆயுதச் சட்டத்தின் 13, 14ஆம் பிரிவுகள். குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்க்காவலுக்குக் கேட்பவருக்கு உரிமம் தர வேண்டும் என்கிறது 13. போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது, மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது 14. துண்டு நிலம் வைத்திருக்கும் மலையாளி என்ற இந்த மலைப் பழங்குடிக் குடும்பத்துக்காகப் பேச இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

உரிமம் வேறு, சுட அனுமதி வேறு. பேச்சாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டெருமை, மிக அதிகப் பாதுகாப்பு பெறும் விலங்குகளின் முதல் அட்டவணையில் இருக்கிறது. காட்டுப்பன்றி, 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில். பயிரைத் தின்றது என்று காட்டி அனுமதியில்லாமல் இரண்டில் எதைச் சுட்டாலும் குற்றம். எதிரணி இதோடு துப்பாக்கியின் இயல்பையும் சொல்லட்டும்: மருந்தைக் கொட்டி, அடைப்பை இடித்து, பால்ரஸ் குண்டு போட்டு, மறுபடி அடைத்தால் ஒரே ஒரு வெடி. குறி தப்பிக் காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்தால் அடுத்த வெடிக்கு நேரம் இருக்காது.

ஆனால் எதிரணியும் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: ராத்திரி கிழங்கைத் தோண்டும் பன்றியை விவசாயி என்ன செய்வது? வழியில்லாதவர் திருட்டு மின்வேலிக்கும், விலங்கு கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய்க்கும் போகிறார். அவை மனிதரையும் கொல்கின்றன. சோலார் வேலிக்கு மானியம், இழப்பீடு எத்தனை நாளில் என்று திட்டமாகப் பேசினால்தான் அந்த அணி நிற்கும்.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியா. 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு திரும்ப வாங்கியது. ஆனால் விவசாயத் தேவை அங்கே இன்றும் உரிமம் கேட்க ஏற்கத்தக்க காரணம். இந்த உதாரணம் இரு அணிக்கும் உதவும்.

மலைக் கிராமத்தில் நடத்தினால் சபையில் யாராவது எழுந்து, 'எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குங்க' என்று ஆரம்பிக்கக்கூடும். நடுவர் அங்கேயே நிறுத்த வேண்டும். உரிமமில்லாத துப்பாக்கிக்கு இரண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. ஊர்ப் பெரியவரும் வழக்கறிஞரும் துணையிருக்கக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழியை அவரிடம் தனியே சொல்லுங்கள். கூட்டத்தைச் செல்போனில் படம் பிடிக்க யாரையும் விடாதீர்கள்.